ரோட்டவேட்டர் ஷாப்டின் கிராஸ் இணைப்புக்குக் கிரீஸ் இடும் முறை

தென்னிந்தியக் கடற்கரைப் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-ம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன நிபுணர் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் என்னும் அரிய தாது இருப்பது தெரிய வந்தது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்து போன அத்தகைய மணல், இப்போது மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் வட்டாரங்களில் டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ரோட்டவேட்டர் ஷாப்டிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இங்கே அது செய்யும் வேலை நல்லதல்ல.

இவ்வட்டார மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் முதலிய கடினமான தாதுக்கள் கலந்துள்ளன. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் பொருள். சிர்கான் அதைவிடச் சற்றுக் கடினமானது. இத்தகைய மணல் எஃகு உருளைகளுக்கு இடையே புகுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம், தொளி உழவின் சேற்று நீர் மறு பக்கம், மணல் விளையின் தூசி இன்னொரு பக்கம். இம்மூன்றுக்கும் நடுவில் ஷாப்டின் கிராஸ் இணைப்பைக் காப்பாற்றுவது கிரீஸ் ஒன்றே.

கிரீஸ் இடாத விவசாயி அநேகமாக இல்லை. ஆனால் இட்ட கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. ஷாப்டின் இணைப்பு ஒரு கூம்பு உறைக்குள் மறைந்திருக்கிறது. கிரீஸ் நிப்பிளோ இரு இரும்புக் கவைகளுக்கு நடுவே, விரல் நுழையாத சந்தில் இருக்கிறது. கிரீஸ் கன்னின் வாய் அதில் நேராக உட்காருவதில்லை. இரண்டு முறை அழுத்தினால் பாதி கிரீஸ் வெளியே வழியும். “கிரீஸ் போட்டாச்சு” என்று டிரைவர் கையைத் துடைத்துக்கொள்வார். உள்ளே ஒரு துளியும் போயிருக்காது.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 1920-களில் வகுத்த இந்த அளவே இன்றும் பெரும்பாலான கருவிகளுக்கு வழக்கத்தில் உள்ளது. கருவி ஏறும், இறங்கும், சாயும். அதற்கேற்ப வளைந்துகொண்டே சுழல வேண்டும் என்பதற்காக ஷாப்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கிராஸ் இணைப்பு வைக்கப்பட்டுள்ளது. கூட்டல் குறி வடிவிலுள்ள எஃகுத் துண்டின் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் உட்சுற்றிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் அடுக்கியிருக்கும். கிண்ணத்தின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கிராஸின் நடுவிலிருந்து நான்கு கைகளுக்கும் மெல்லிய துளை வழிகள் ஓடுகின்றன. நிப்பிள் வழியாக அழுத்தும் கிரீஸ் இந்தத் துளைகள் வழியேதான் ஊசி உருளைகளைச் சென்றடைகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சக்கர பேரிங்கில் உருளைகள் முழுச் சுற்றும் உருண்டு ஓடுகின்றன. அதனால் கிரீஸ் தானே பரவிவிடும். கிராஸ் இணைப்பில் அப்படியல்ல. ஷாப்டு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், ஊசி உருளைகள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் சிறிது ஆடுகின்றன, அவ்வளவே. 8 மணி நேர வேலையில் ஷாப்டு 2,59,200 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அதே ஊசி அதே இடத்தில் அழுத்துகிறது. அங்கிருந்த கிரீஸ் ஒதுங்கிப் போகிறது. ஒதுங்கியது தானாகத் திரும்பி வராது. அந்த இடத்தில் கோடு கோடாகத் தடம் விழுந்துவிட்டால், பிறகு எவ்வளவு கிரீஸ் இட்டாலும் பயனில்லை.

ஆகவே கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். ஷாப்டு தயாரிப்பாளர்கள் பலர் 8 மணி நேர வேலைக்கு ஒரு முறை இடச் சொல்கிறார்கள். சில புதிய வகை ஷாப்டுகளுக்கு இடைவெளி கூடுதலாக இருக்கும். கருவியோடு தந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தொளி உழவில் ஷாப்டின் பின் இணைப்பு சேற்று நீரிலேயே நனைகிறது. அப்போது கையேட்டின் கணக்கைப் பார்க்காமல் தினமும் வேலை முடிந்ததும் கிரீஸ் இடுவதே சரி. காலையில் இடுவதைவிட மாலையில் இடுவது நல்லது. பகலில் உள்ளே புகுந்த நீரைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளிவிடும். காலை வரை காத்திருந்தால் இரவு முழுவதும் அந்த நீர் உள்ளேயிருந்து துருவை வளர்க்கும்.

உறையைக் கழற்றி எறிய வேண்டாம்

நிப்பிள் எட்டவில்லை என்பதற்காக விவசாயிகளும் டிரைவர்களும் கண்டிருக்கும் சுலப வழி, ஷாப்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டுவிடுவதாகும். கிரீஸ் இடுவது எளிதாகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. ஷாப்டு 7 சென்டிமீட்டர் கனமுள்ளது என்று வைத்துக்கொண்டால் அதன் சுற்றளவு சுமார் 22 சென்டிமீட்டர். வேட்டியின் தலைப்போ தோளிலிருந்து நழுவும் துண்டோ அதில் பட்டால், ஒரு விநாடியில் ஏறக்குறைய 2 மீட்டர் துணியை ஷாப்டு தன்மேல் சுருட்டிக்கொள்ளும். துணிக்குள் இருக்கும் ஆளும் சேர்ந்துதான் போவார். “ஐயோ” என்று கத்தி, டிரைவர் திரும்பிப் பார்த்து, கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வரப்பில் நிற்கும் பெண்களின் சேலைக்கும், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் இதே அபாயம் உண்டு.

உறையைக் கழற்றாமலே கிரீஸ் இட வழி இருக்கிறது. பல உறைகளில் நிப்பிளுக்கு நேரே ஒரு துளை விட்டிருப்பார்கள். சேறு அடைத்து அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். முதலில் அதைக் கழுவித் தேடிப் பார்க்க வேண்டும். வேறு சில உறைகளில் கூம்பைத் திருகிப் பின்னால் தள்ளும்படி ஒரு பூட்டு இருக்கும். கிரீஸ் இட்டதும் மறுபடி முன்னால் இழுத்துப் பூட்டிவிடலாம்.

உறை ஷாப்டோடு சேர்ந்து சுற்றக்கூடாது. அதற்காகத்தான் சிறு சங்கிலி தந்திருக்கிறார்கள். சங்கிலியை டிராக்டரின் நிலையான பாகத்திலும் கருவியிலும் மாட்ட வேண்டும். உறையின் உள்ளிருக்கும் நைலான் வளையத்துக்கும் சிறிது கிரீஸ் தேவை. எஞ்சின் நின்றிருக்கும்போது உறையைக் கையால் சுற்றிப் பார்க்கவும். தடையின்றிச் சுழன்றால் சரி. இறுகிப் போயிருந்தால் அது ஷாப்டோடு சேர்ந்து சுற்றும். அப்போது அது உறையே அல்ல.

கிரீஸ் இடும் வேலை

முதலில் பி.டி.ஓ. நெம்புகோலை விடுவித்து, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம். கிரீஸ் இடுபவரின் மடியில்தான் இருக்க வேண்டும்.

தினசரி வேலைக்கு மிகவும் வசதியானது, ஷாப்டை முழுவதுமாகக் கழற்றி எடுத்துவிடுவதே. டிராக்டர் பக்கமும் ரோட்டவேட்டர் பக்கமும் ஒவ்வொரு பூட்டு ஊசி இருக்கிறது. அதை அழுத்தி இழுத்தால் முனை கழன்றுவிடும். கழற்றியதை ஒரு தென்னங்குற்றியின் மேல் வைத்தால் நிப்பிள் எந்தப் பக்கமிருந்தாலும் திருப்பிக்கொள்ளலாம். கவையை வளைத்துச் சந்தை அகலமாக்கலாம். ரோட்டவேட்டரின் அடியில் ஊர்ந்து ஒரு கையால் கன்னைப் பிடித்து மறு கையால் அழுத்தும் அவஸ்தை இல்லை. இதற்கு ஆகும் நேரமும் சில நிமிடங்களே. கழற்றும்போது ஷாப்டின் உள் குழாயும் வெளிக் குழாயும் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிக்க வேண்டியிருந்தால் இரண்டிலும் ஒரே நேராக உளியால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வது அவசியம். காரணம் பின்னால் வருகிறது.

டீசலில் நனைத்த துணியால் நிப்பிளின் தலையை நன்கு துடைக்க வேண்டும். கிரீஸ் கன்னின் வாயையும் துடைத்து, முதலில் வரும் சிறிது கிரீஸைக் கீழே தள்ளிவிட வேண்டும். இவ்வட்டாரத்துக்கு இது மிக முக்கியம். ஊசி உருளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கே. நிப்பிள் தலையில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மணலைத் துடைக்காமல் கன்னை வைத்து அழுத்தினால், வெளியில் கிடந்த மணலை விவசாயியே தன் கையால் பேரிங்குக்குள் செலுத்துகிறார் என்று பொருள். அந்த நிலையில் கிரீஸ் இடாமல் இருப்பதே மேல் என்று சொல்லிவிடலாம்.

கன்னின் வாய் நிப்பிளில் நேராக உட்காராவிட்டால், விறைப்பான குழாய்க்குப் பதில் ஓர் அடி நீளமுள்ள வளையும் ரப்பர் குழாயைப் பொருத்தலாம். அதற்கும் இடமில்லாத சந்துக்கு ஊசி முனை வாய் கடைகளில் கிடைக்கிறது. நேர் நிப்பிளைக் கழற்றிவிட்டு 45 டிகிரி அல்லது 90 டிகிரி வளைந்த நிப்பிளைப் போடலாம். ஆனால் வளைந்த நிப்பிள் கவையில் இடிக்காமல் இருக்கிறதா என்று ஷாப்டை எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்த பிறகே அதை வைத்துக்கொள்ள வேண்டும். இடித்தால் முதல் சுற்றிலேயே முறிந்துபோகும்.

கன்னை மெதுவாக அழுத்த வேண்டும். சாதாரண கை கன்னின் ஓர் அழுத்தில் வருவது சுமார் 1 கிராம் கிரீஸ்தான். எத்தனை அழுத்து என்று எண்ணுவதைவிட, கிராஸின் நான்கு கிண்ண வாய்களையும் கண்ணால் பார்ப்பதே சரியான அளவு. நான்கு வாயிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, அதன்பின் புதுக் கிரீஸ் நிறம் தெரிந்தால் போதும். மூன்று வாயில் வந்து நான்காவதில் வரவில்லை என்றால், வேலை முக்கால்வாசி முடிந்தது என்று திருப்தியடையக் கூடாது. அந்தக் கை காய்ந்துகொண்டிருக்கிறது. ஷாப்டு அங்கேதான் முறியும். கிராஸைப் பக்கவாட்டில் வளைத்து, கவையை அசைத்து, அந்தக் கிண்ணத்தின் மேலுள்ள பாரத்தைத் தளர்த்தி மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் வழி திறந்துவிடும். அப்படியும் வராவிட்டால் கிராஸைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். நான்கிலும் வரவில்லை, கன்னின் பிடி கல்லாக நிற்கிறது என்றால் நிப்பிளே அடைத்திருக்கும். அதைக் கழற்றிப் புது நிப்பிள் போடுவது சில ரூபாய்ச் செலவுதான்.

பிதுங்கி வரும் பழைய கிரீஸ் ஒரு நல்ல சாட்சி. அது பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ரப்பர் வளையத்தைக் கவனிக்க வேண்டும். செம்பழுப்பாகத் துருப்பொடி கலந்து வந்தால் உருளைகள் ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிவிட்டன. இரு கவைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்கவும். ‘டக்’ என்ற சிறு ஆட்டம் இருந்தாலும் கிராஸ் மாற்றும் நாள் வந்துவிட்டது. கிராஸைக் கழற்றிப் பார்க்கும்போது கையின் மேல் நகத்தை ஓட்டினால் நகம் தட்டும்படி தடம் விழுந்திருக்கும்.

வேலை முடிந்ததும் வெளியே வழிந்த கிரீஸைத் துடைத்துவிட வேண்டும். வழியவிட்டு வைத்தால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். மணலை ஒட்டவைக்கும் பசையாகத்தான் அது பயன்படும். ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்களை மட்டும் பழைய பிசுக்கு நீக்கிச் சீராகக் கிரீஸ் தடவி வைக்க வேண்டும். ஷாப்டில் உராய்வுத் தட்டுக் கிளட்ச் உள்ள வகையானால் அந்தத் தட்டுகளில் கிரீஸ் படவே கூடாது.

எந்தக் கிரீஸ்?

லித்தியம் அடிப்படையிலான 2-ம் நம்பர் கிரீஸ் பெரும்பாலான ஷாப்டுகளுக்குப் பொருந்தும். நீரையும் சூட்டையும் ஓரளவு தாங்கும். சோடா அடிப்படையிலான நார் போன்ற கிரீஸ் நீர் பட்டால் கரைந்துபோகும். சேற்று உழவுக்கு உதவாது. கால்சியம் வகைக் கப் கிரீஸ் நீரைத் தாங்கும், ஆனால் சூட்டைத் தாங்காது. நிறத்தைப் பார்த்து வாங்குவதால் பயனில்லை. சிவப்பும் நீலமும் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயமே. வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலந்தால் இரண்டும் கெட்டு நீர்த்துவிடலாம். வகையை மாற்றும்போது பழையது முழுவதும் வெளிவரும்வரை அழுத்துவது நல்லது. டப்பாவைத் திறந்தபடி தோப்பில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது

நிப்பிள் எட்டாமல் போவதற்குப் பல சமயம் தயாரிப்பாளர் காரணமல்ல. கிராஸ் மாற்றியபோது திருப்பிப் போட்டதே காரணம். புதுக் கிராஸ் மாட்டும்போது நிப்பிள் ஷாப்டின் குழாய்ப் பக்கம் பார்க்கும்படி, கன் எட்டும் திசையில் இருக்க வேண்டும். இரு முனைகளின் நிப்பிள்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், ஒரு முறை திருப்பி வைத்து இரண்டுக்கும் கிரீஸ் இட்டுவிடலாம். மெக்கானிக் கிண்ணத்தை அடித்து இறக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். கிண்ணத்தின் குறுக்களவும் கிராஸின் முழு நீளமும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று அளந்து வாங்கவும்.

இன்னொன்று, முன்சொன்ன உளி அடையாளம். வளைந்த நிலையில் சுழலும் ஒரு கிராஸ் இணைப்பு ஒரே சீரான வேகத்தைத் தருவதில்லை. 30 டிகிரி வளைவில், 540 சுற்றில் ஓடும் தண்டு, மறு பக்கத்தை ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை 468-க்கும் 624-க்கும் இடையே வேகம் கூட்டிக் குறைத்துத் தள்ளுகிறது. நடுக் குழாயின் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருந்து, இரு பக்க வளைவும் சமமாக இருந்தால், முதல் இணைப்பு செய்யும் குறையை இரண்டாவது இணைப்பு சரிசெய்துவிடும். சதுரக் குழாயைப் பிரித்துக் கால் சுற்றுத் திருப்பி மாட்டிவிட்டால் குறை இரட்டிப்பாகும். ஷாப்டு உதறும், கியர் பெட்டி இரையும், கிராஸ் சீக்கிரம் தேயும். கிரீஸ் இடவில்லை என்ற பழி டிரைவர் மேல் விழும்.

வரப்பு ஓரத்தில் திரும்பும்போது ரோட்டவேட்டரை உயரத் தூக்கினால் வளைவு மிகுந்து இணைப்பு திணறுகிறது. தூக்கும் முன் பி.டி.ஓ.-வை நிறுத்துவது கிராஸின் ஆயுளைக் கூட்டும்.

வாடகை டிராக்டர்

சிறு விவசாயிகள் பலர் சொந்த டிராக்டர் இல்லாதவர்கள். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உழுகிறார்கள். ஷாப்டு யாருடையதானாலும், அது முறிந்தால் நஷ்டம் வயல்காரருக்கும் உண்டு. கன்னிப்பூவுக்குக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் வரும் நாளில், பாதி வயல் தொளியான நிலையில் ஷாப்டு நின்றுவிட்டால் தண்ணீர் முறை தாண்டிப் போகும், நாற்று முற்றும், நடவு ஆட்கள் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். “அண்ணாச்சி, ஷாப்டுல என்னமோ சத்தம் கேக்குதே” என்று வயல்காரர் கேட்டால், “அது கெடக்கட்டும், இந்த ஒரு வயலு முடியட்டும்” என்று டிரைவர் சொல்வதுண்டு. அந்த ஒரு வயல்தான் முடியாது. சத்தம் கேட்டதும் நிறுத்திக் கிராஸைத் தொட்டுப் பார்த்தால் - எஞ்சினை நிறுத்திய பிறகு, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய் - ஒரு முனை மற்றதைவிட அதிகமாகச் சுடுவது தெரியும்.

வண்டி வயலில் இறங்குவதற்கு முன் ஷாப்டில் உறை இருக்கிறதா, சங்கிலி மாட்டியிருக்கிறதா, கிராஸ் வாயில் புதுக் கிரீஸ் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது வாடகை கொடுப்பவரின் உரிமை. இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. பி.டி.ஓ. சுழலும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷாப்டுக்குத் தள்ளி நிற்பது அவரது கடமையும் ஆகும்.

மூன்று சக்கரப் பார வண்டிகளுக்கும் இதே பாடம்

மோட்டார் சைக்கிளின் முன்பாகத்தோடு பின்னால் இரு சக்கர அச்சைச் சேர்த்த பார வண்டிகளில், ஷாப்டு வழியாகப் பின் அச்சுக்கு விசை போகும் வகைகள் உண்டு. தேங்காயும் வாழைத்தாரும் ஏற்ற வசதியானவை. (பதிவு செய்த வண்டியை அனுமதியின்றி இப்படி மாற்றி அமைப்பதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பதை மாற்றும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.) இவற்றில் கிராஸ் இணைப்பு பாரத் தட்டின் அடியில் ஒளிந்திருக்கும். படுத்துக்கொண்டுதான் எட்ட முடியும். பாரத்தை இறக்கி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்கவும். நிப்பிள் மேல் பக்கம் திரும்பியிருந்தால், அண்டையை எடுத்து, வண்டியை ஒரு சாண் முன்னே தள்ளி, அது கீழ்ப்பக்கம் வந்ததும் மீண்டும் அண்டை கொடுக்கலாம். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் படுக்கவே கூடாது. தட்டின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி வைத்துத் துளை போட்டுக்கொண்டால் மேலிருந்தே கிரீஸ் இடலாம். துளை குறுக்குச் சட்டங்களை வெட்டாமல் இருக்க வேண்டும். மூடி இறுக மூட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றும் மணலெல்லாம் நேரே கிராஸின் மேலேயே விழும். சில வண்டிகளின் கிராஸில் நிப்பிளே இருக்காது. அவற்றுக்குக் கிரீஸ் இட வழியில்லை, தேய்ந்ததும் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது அதே அளவில் நிப்பிள் உள்ள கிராஸ் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்கலாம்.